பின்சீட்டில் உட்கார்ந்து பார்

ஐயா,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு உன் அப்பா ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் கொடுத்தார். "எனக்கு முன்சீட்டைப் பத்தி மட்டுந்தான் தெரியும். பின்சீட்டை உங்கம்மாகிட்ட கேளு" என்றார். அன்றைக்கு லைனில் ஒரே இரைச்சல், எனக்கும் அடுப்பில் வேலை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும் என்று தெரியும். எழுத்துக்கூட்டியே படி. இந்தியில் எழுதலாம்தான், ஆனால் நான் சொல்ல வேண்டியது இந்தியில் எனக்கு வராது.

உன் மோட்டார் சைக்கிளின் சீட் கிழிந்துவிட்டது, கடையில் இரண்டு மாதிரி வைத்திருக்கிறான், ஒன்று உயரமாக மெத்தென்று இருக்கிறது, இன்னொன்று தட்டையாக இருக்கிறது, இரண்டு பேர் போவதற்கு எது சுகம் என்று கேட்டாய். அதோடு சேர்த்து, "வித்யா எதுன்னாலும் பரவாயில்லைன்னு சொல்றாம்மா. இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை வெளியவே வர்றதில்ல, தலைவலின்னு படுத்துக்கிறா" என்றும் சொன்னாய். நீ இரண்டையும் வேறு வேறு விஷயமாகச் சொன்னாய். என் காதில் ஒன்றாக விழுந்தது. என் கணிப்பு தப்பாக இருக்கலாம், என் மருமகளுக்கு உண்மையிலேயே தலைவலியாக இருக்கலாம். ஆனால் அந்தத் தலைவலி எனக்கும் ஒரு காலத்தில் வந்தது. அதைப் பற்றி உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் கல்யாணமாகி பம்பாய் வந்தபோது அறுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரே அறை. அதில் உன் தாத்தா, ஆச்சி, இரண்டு சித்தப்பாமார், அத்தை, நாங்கள் இரண்டு பேர். அறையின் குறுக்கே ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதற்கு இந்தப் பக்கம் நாங்கள். சேலைக்குக் காது உண்டு என்பது எனக்கு முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. மெல்லப் பேசினாலும் உன் அத்தை மறுநாள் அதற்குப் பதில் சொல்வாள். கெட்டவள் இல்லை, அவளுக்கும் போக வேறு இடமில்லை. ஆக, நானும் உன் அப்பாவும் புருஷன் பெண்டாட்டியாக நாலு வார்த்தை பேசியது அந்த மோட்டார் சைக்கிளில்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே நாளில் தாதரில் ஒரு கட்டடம், கொலாபாவில் ஒரு கட்டடம் என்று ஓட வேண்டும், அதற்காக வாங்கிய வண்டி. உலக யுத்தத்துக்குப் பிறகு ராணுவம் ஏலத்தில் விட்டு, பல கை மாறி வந்தது. முன்னால் பெரிய சைக்கிள் சீட் மாதிரி ஸ்பிரிங் வைத்த தோல் சீட். பின்னால், மட்கார்டின் மேல் திருகிவைத்த ஒரு சின்னத் திண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டுங்காவில் கிளம்பி, சயான் வழியாகச் செம்பூர் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும், இரண்டு காலும் இடப்பக்கம். கால் வைக்க ஒரே ஒரு இரும்புக் குச்சி, அதுவும் என் உயரத்துக்கு எட்டாது. உடம்பின் பாரம் முழுக்க ஒரு பக்கத்து இடுப்பில் இறங்கும், முதுகு முறுக்கிய துணி மாதிரி இருக்கும். சயான் தாண்டுவதற்குள் இடது கால் மரத்துப்போகும். உன் அப்பா திரும்பாமலே கேட்பார், "ஏளா, சௌகரியமா இருக்கா?" நான் சொல்வேன், "நல்லாத்தான் இருக்கு." இரண்டு வருஷம் இதே கேள்வி, இதே பதில். வலிக்கிறது என்று சொன்னால் அவர் என்னைக் கூட்டிப் போவதை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். என்னிடமிருந்த ஒரே தனியிடம் அந்தத் திண்டுதான். பிறகு வலி அதிகமானதும் எனக்குத் தலைவலி வர ஆரம்பித்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். இரண்டு வாரம் படுத்துக்கொள்வேன், மூன்றாம் வாரம் மனசு கேட்காமல் கிளம்பிவிடுவேன்.

அப்படிக் கிளம்பிய ஒரு நாள்தான் அது நடந்தது. செம்பூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், வெளிச்சம் நன்றாக இருந்தது. உன் அப்பா ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கல்யாணக் கோஷ்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கால் மரத்துவிட்டது. கொஞ்சம் எழும்பி உட்காரலாமென்று அவர் தோளிலிருந்து கையை எடுத்து, திண்டை ஊன்றி உடம்பைத் தூக்கினேன். அதே நேரம் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியது. அடுத்த நிமிஷம் நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். விழுந்தேன் என்றுகூடத் தெரியவில்லை, உட்கார்ந்த மேனிக்கே இடம் மாறியது போல இருந்தது. வண்டி போய்க்கொண்டிருந்தது. உன் அப்பாவின் குரல், கைச்சாடை, தோள் குலுங்கிய சிரிப்பு எல்லாம் போய்க்கொண்டிருந்தன. கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. எவ்வளவு தூரம் போனால் இவருக்குத் தெரியும் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது, கோபமெல்லாம் இல்லை, பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். வண்டி வளைவில் திரும்பி மறைந்தது. எருமை ஓட்டிக்கொண்டு போன ஒரு ஆள் நின்று, "காய் ஜாலா, பாய்?" என்று மராத்தியில் கேட்டான், என்னம்மா ஆச்சு என்று. அப்போதுதான் என் இடது மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்தேன்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியை ரோட்டோரம் அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சயான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், எலும்பு விரிசல். "எப்படி விழுந்த?" என்று கேட்டார். "கை நழுவிட்டு" என்றேன். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அவர் தானாக ஒரு முடிவுக்கு வந்தார், தான் வேகமாக ஓட்டியதால் விழுந்தாள் என்று. மறுநாள் காலை ஸ்பானரை எடுத்துப் பின்திண்டைக் கழற்றிப் பரணில் போட்டார். "இனிமே நீ பஸ்ல போ, ரயில்ல போ. இதுல வேண்டாம்." அதோடு எங்கள் பேச்சும் நின்றது. சண்டை இல்லை. பேச இடமில்லை, அதனால் பேச்சில்லை. உன் அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பரிமாறுவேன்.

கட்டுப் பிரித்த வாரம், பரணிலிருந்து அந்தத் திண்டை எடுத்து ஒரு பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு தாராவிக்கு நடந்தேன். அங்கே காசிம் என்று ஒருவர் டாக்ஸி சீட்டும் சினிமாக் கொட்டகை நாற்காலியும் தைத்துக்கொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர், முப்பது வயசுக்குமேல் இருக்காது. அவர் சட்டம் அடித்து நார் திணிப்பார், அவர் பெண்டாட்டி ஜைனம்பு மெஷினில் ரெக்ஸின் உறை தைப்பாள். நான் திண்டை நீட்டினேன். காசிம் அதை இப்படியும் அப்படியும் திருப்பி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இதுல என்ன கோளாறும்மா? நல்லா உருப்படியாத்தான இருக்கு?"

"உக்கார முடியல. வலிக்கு."

"எங்க வலிக்கு?"

ஐயா, அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு அந்நிய ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஜைனம்பு மெஷினை நிறுத்திவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனாள். ஒரு பெஞ்சின் மேல் திண்டை வைத்து என்னை ஒரு பக்கமாக உட்காரச் சொன்னாள், தானும் உட்கார்ந்து பார்த்தாள். வலிக்கிற இடத்திலெல்லாம் விரலை வைத்துக் காட்டினேன். அவள் போய் அவரிடம் சொன்னாள். அவர் இங்கிருந்து ஒன்று கேட்பார், அவள் வந்து என்னிடம் கேட்பாள். திண்டு நடுவில் மேடாக இருக்கிறதா, விளிம்பு தொடையை அறுக்கிறதா, கால் தொங்குகிறதா, பிரேக் போட்டால் முன்னால் போகிறோமா, பக்கத்தில் சரிகிறோமா? கேட்கக் கேட்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு வருஷம் அதில் உட்கார்ந்தவளுக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்ததே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

கடைசியில் காசிம் சொன்னார், "இந்தத் திண்டை மட்டும் மாத்தி ஒண்ணும் ஆகாதும்மா. முன்னாலயும் பின்னாலயும் சேத்து ஒரே சீட்டா அடிக்கணும். அதுக்கு வண்டி வேணும். ஓட்டுதவரும் வேணும். ரெண்டு பேரும் உக்காந்தாத்தான் எனக்குக் கணக்குத் தெரியும்."

அதற்கு நான் உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சேலைக்கு இந்தப் பக்கம் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "வண்டியை எடுத்துக்கிட்டு தாராவி வரைக்கும் வாங்க. ஒரு வேலை இருக்கு." என்னை ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றார். உட்காரத் திண்டும் இல்லை, அது காசிமின் கடையில் இருந்தது. அதனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம் நடந்தோம். நடுவில் வண்டி இருந்ததால் எனக்குத் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். கை நழுவவில்லை, கால் மரத்துப் போய் நானாகத்தான் எழும்பினேன் என்றேன். முதல் நாளிலிருந்தே வலி என்றேன்.

அவர் தள்ளுவதை நிறுத்தினார். "நான் ஒவ்வொரு வாட்டியும் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நல்லா இருக்குன்னு சொன்னேல்ல?"

"சொன்னேன்."

ஹாண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "வேற என்னவெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க?"

விழுந்ததைவிட அந்தக் கேள்வி வலித்தது. ஆனால் ஆரம்பித்தாயிற்று. "நீங்க சொல்லுத லிஃப்ட் கதை பாதி எனக்குக் கேக்கவே கேக்காது. காத்துல போயிரும். உங்க தோளு குலுங்கும்போது நானும் சிரிப்பேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

அவர் மறுபடியும் தள்ள ஆரம்பித்தார். தாராவி வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மனுஷர் இனிமேல் என்னிடம் எதையும் சொல்லப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

காசிமின் கடையில் பழைய திண்டைத் தற்காலிகமாகத் திருகினார்கள். காசிமுக்கு வண்டி ஓட்டத் தெரியும். உன் அப்பா திடீரென்று, "பாய், நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காருதேன். இவ உக்கார்ற மாதிரி" என்றார். ஜைனம்பு வாயைப் பொத்திக்கொண்டாள். பேன்ட் போட்ட ஆம்பிளை இரண்டு காலையும் ஒரு பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். சந்தில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள், ஒருவன் விசில் அடித்தான். உன் அப்பா கண்டுகொள்ளவில்லை. சயான் வரை போய்த் திரும்பி வந்தார்கள். இறங்கியதும் அவருக்கு நேராக நிற்க முடியவில்லை, கடையின் மரத்தூணைப் பிடித்துக்கொண்டு இடது காலை உதறினார். காசிம் வழியெல்லாம் ஏதோ சொன்னாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். "முன்னால இருந்தா இது எதுவுமே தெரியாது, பாய்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அவர் மூஞ்சியைப் பார்த்தேன், எனக்குப் போதும்.

நீ கேட்ட விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். முதலில் காசிம் அடித்துக் கொடுத்தது, உன் கடைக்காரன் வைத்திருக்கிறானே உயரமாக, மெத்தென்று, அந்த மாதிரிதான். நிறைய ரப்பர் ஸ்பாஞ்சு வைத்து, முன்னும் பின்னும் ஒன்றாக. கையை வைத்து அமுக்கினால் ராஜ சுகம். ஏறி உட்கார்ந்து சயான் வரை போனோம், மிதப்பது போல இருந்தது. செம்பூர் போவதற்குள் ஸ்பாஞ்சு அமுங்கி அடிப்பலகை இடுப்பில் இடித்தது. உன் அப்பாவின் பாரத்தில் முன்பக்கம் தாழ்ந்து, நான் அவர் முதுகில் சரிந்துகொண்டே போனேன். "சௌகரியமா இருக்கா?" என்று அவர் கேட்கவில்லை. "இப்ப எங்க வலிக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன். அங்கேயே வண்டியைத் திருப்பினார்.

காசிம் தலையைச் சொறிந்தார். "கடையில எல்லாரும் அமுக்கிப் பாத்துட்டு மெத்துனு இருக்கதத்தான் கேக்காங்க."

ஜைனம்பு மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "நான் காலையில இருந்து உக்காந்திருக்க ஸ்டூலு மரக்கட்டை. மேல ரெண்டு மடிப்பு சாக்கு. எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்றாள்.

மூன்று பேரும் போய் அந்த ஸ்டூலில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். எனக்கு அந்த நாளை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. யாருக்கும் விடை தெரியாது, எல்லோருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. அடுத்தது கெட்டித்த தேங்காய் நார் அடியில், அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்கு மட்டும் ஸ்பாஞ்சு. பின்பக்கம் மேடில்லாமல் தட்டையாக, முன்பைவிட நாலு விரல் அகலமாக. இடது விளிம்பை மட்டும் உருட்டி, தொடை அறுபடாமல். என் நைலான் சேலை ரெக்ஸினில் வழுக்கியதால் குறுக்கே வரிவரியாகத் தையல், பிடித்துக்கொள்ள ஒரு தோல் பட்டை. கீழே இரண்டு காலையும் வைக்கிற மாதிரி ஒரு தகரப் பலகை. நடுவிலிருந்த சாண் இடைவெளி போய்விட்டதால் உன் அப்பா பேசுவது எனக்குக் கேட்டது. அந்தக் கல்யாணக் கோஷ்டிக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். உண்மையிலேயே நல்ல கதை.

உன் அப்பாவிடம், "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். மூன்று வாரம் கழித்து, தரையில் சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு கையை ஊன்றி எழுந்திருப்பதைப் பார்த்தேன். ஸ்பிரிங் சீட் போனதிலிருந்து அவருக்குத் தண்டுவடம் தெறித்துக்கொண்டிருந்திருக்கிறது. சொன்னால் நான் பழையபடி வீட்டிலேயே இருந்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறார். என்னிடம் உண்மையைக் கேட்டு வாங்கியவர் செய்த வேலையைப் பார். வண்டியில் வைத்துத்தான் சண்டை போட்டேன், தாதர் வரை. மறுபடியும் காசிம், மறுபடியும் சட்டம். முன்பக்கம் அவருக்கு மட்டும் கொஞ்சம் குழிவாக, பின்பக்கம் எனக்கு ஒரு விரல் உயரமாக. அந்தச் சீட்டில் நாங்கள் தாணே வரைக்கும் போயிருக்கிறோம். இறங்கி ஏரிக்கரையில் நடந்தபோது இரண்டு பேருமே நொண்டவில்லை.

ஆகவே, தட்டையானதையே வாங்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் உன் வண்டி வேறு, உன் உயரம் வேறு, வித்யா சுடிதாரில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவள். அவளுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடையில் கையை வைத்து அமுக்கிப் பார்த்து வாங்காதே. இரண்டு பேரும் ஏறி அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க விடுகிற கடையாகப் பார். முதல் பத்து நிமிஷத்தை நம்பாதே. "சௌகரியமா?" என்று கேட்காதே, அதற்கு நல்ல குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்கள். எங்கே என்று கேள். அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும் என்றாயே, ஒரு நாள் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு நீ பின்னால் உட்கார். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் எங்களுக்குச் செம்பூரில் ஒரு அறையும் சமையலறையும் கொண்ட வீடு கிடைத்தது. சாமான்களை இறக்கிவைத்துவிட்டு உன் சித்தப்பாமார் போனதும், உன் அப்பா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நாங்கள் குடித்தனம் நடத்த வந்த பிறகு தாழ்ப்பாள் போட்ட முதல் கதவு. மத்தியானம் மூன்று மணி இருக்கும். சுருட்டிய பாயின்மேல் நானும், டிரங்குப் பெட்டியின்மேல் அவருமாக எதிரெதிரே உட்கார்ந்தோம். கேட்க யாருமில்லை, எதை வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசி எங்களுக்குப் பழக்கமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து சாவியை எடுத்தார்.

"வா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

தெருமுனை திரும்புவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டோம்.

உன் அம்மா